‘இன்ஜின் புதுசு மாதிரி’ என்கிறார்கள்... பழைய டிராக்டரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ‘‘மூன்று ஏக்கரில் கடலை, சோளம் போடுகிறோம். பக்கத்து ஊரில் 14 வருடப் பழைய 35 ஹெச்.பி டிராக்டர் விலைக்கு வருகிறது. இன்ஜினைப் பிரித்து முழுசாக வேலை பார்த்தாகிவிட்டது, டீசல் பம்ப்பையும் கூட்டி வைத்திருப்பதால் 45 ஹெச்.பி வண்டி மாதிரி இழுக்கும் என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கலாமா?’’

- வாசகர், துறையூர்.

பதில்: நகையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். இன்ஜின் வேலை பார்த்தது ஒன்று. பம்ப்பைக் கூட்டியது இன்னொன்று. முதலாவது நல்லதாக இருக்கலாம். இரண்டாவது, விலையைக் குறைக்க வேண்டிய காரணமே தவிர, கூட்டிக் கொடுக்க வேண்டிய காரணம் அல்ல.

முதலில் பில்லைக் கேளுங்கள். ‘முழு வேலை’ என்றால் லைனர், பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், வால்வு வேலை, ஆயில் பம்ப், நாசில் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ரிங்கை மட்டும் மாற்றி, பெயின்ட் அடித்துவிட்டு ‘முழு வேலை’ என்று சொல்பவர்களும் உண்டு. கிராங்க்கைக் கடைந்திருந்தால் எத்தனையாவது அளவு என்று கேளுங்கள். கடைசி அளவுக்கு வந்திருந்தால், அடுத்த முறை கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும். வேலை பார்த்த மெக்கானிக்கிடம் நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

வண்டியைப் பார்க்க விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படிச் சூடான இன்ஜினைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். மறுநாள் காலையில் அது கிளம்பவே இல்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, ஆறிய ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அங்கேயே திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பயமில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், லேசான ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன். அப்படியென்றால் ரிங், லைனர் வேலை சரியாக நடக்கவில்லை.

அடுத்து, ஒன்பது கொழு கலப்பையை மாட்டி ஒரு மணி நேரம் உழுது பாருங்கள். சூடான பிறகு ஆயில் பிரஷர் இறங்குகிறதா, ரேடியேட்டர் கொதிக்கிறதா, அடியில் டொக்டொக் என்று தட்டுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நேற்றுதான் கட்டிய இன்ஜின் என்றால், முதல் 50 மணி நேரம் அதை அதிகப் பளு கொடுக்காமல்தான் ஓட்ட வேண்டும். அதனால் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. வேலை பார்த்து ஒரு பருவம் உழவு ஓட்டி முடித்த இன்ஜின்தான் நம்பிக்கையானது.

இனி, பம்ப் விஷயம். டீசலைக் கூட்டினால் இழுவை கூடும், உண்மைதான். ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் 35 ஹெச்.பி-க்குச் செய்தவை. எரியாத டீசல் கறுப்புப் புகையாக வெளியே போகும். பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் சூட்டில் கெடும். பம்ப்பைக் கம்பெனி அளவுக்குத் திரும்ப வைத்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால், கூட்டிய டீசல் எதையோ மறைக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆர்.சி-யில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் ஒப்பிடுங்கள். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு. வேறு இன்ஜின் மாட்டியிருந்தால், அது ஆர்.சி-யில் பதிவாகியிருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, விலை. உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் முழு இன்ஜின் வேலைக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். அதில் பாதியை அவர் சொல்லும் விலையோடு கூட்டுங்கள். அந்தத் தொகைக்குக் கைபடாத நல்ல வண்டி கிடைக்குமானால், இதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று ஏக்கர் உழவுக்கு மட்டும் என்றால், சொந்த டிராக்டர் வட்டிக்குக்கூடக் கட்டாது. வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக்கணக்கில் வாடகைக்கு டிராக்டர் கிடைக்கிறது. அக்கம்பக்கத்தில் வாடகை உழவுக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் நகையை எடுங்கள். அந்த முடிவை மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுங்கள்.