பச்சை மிளகாய் விடு தூது

அக்னி ஸ்தலத்தில் குடியிருக்கிறவன் வாயை அடக்கிப் பேச வேண்டும். நான் அடக்கவில்லை.

"சமையல் என்ன பெரிய வித்தையா? போனைத் தட்டினா எல்லாம் வருது" என்று புதன்கிழமை ராத்திரி திருவாய் மலர்ந்தேன். என்னைப் போலவே எட்டரைக்கு பஸ் பிடித்து ஆபீஸ் போய்விட்டு வந்து, வீட்டம்மா அப்போதுதான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். உருட்டுக்கட்டை நின்றது. அவ்வளவுதான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வீட்டில் நிலவிய மௌனத்தில் ரமணாச்ரமத்துத் தியான மண்டபம் தோற்றது. டிபன் பாக்ஸ் மட்டும் வேளை தவறாமல் மேஜைக்கு வந்தது. அதுதான் அதிகம் உறுத்தியது.

எப்போதோ டி.வி.யில் 'என்சிலாடா' பார்த்துவிட்டு, "இது எப்படித்தான் இருக்கும்?" என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. ஞாயிறு காலை அரை கிலோ கோழியோடு களத்தில் இறங்கினேன்.

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். மெக்ஸிகோ சமாசாரம். ஸ்பானிஷில் 'மிளகாய் போட்டது' என்று அர்த்தம். மக்காச்சோள ரொட்டியில் வெந்த கோழியைச் சுருட்டி, மேலே சட்னியை ஊற்றுகிற வேலை. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-ல் வாஸ்கோடகாமா வந்து இறங்கும்வரை நம் முன்னோர்கள் மிளகை வைத்துத்தான் காரம் கண்டார்கள்.

சட்னிக்கு அங்கே 'டொமாட்டியோ' என்று தோல் போர்த்திய பச்சைக் காய் போடுகிறார்கள். நம் வரப்போரத்துச் சொடக்குத் தக்காளிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கிடைக்கவில்லை. நாலு தக்காளிக்காய், ஆறு பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் தோசைக்கல்லில் சுட்டு, கொத்துமல்லியோடு அரைத்துக் கொதிக்க விட்டேன். தயிரை ஊற்றினேன். திரிந்தது. கொட்டிவிட்டு மறுபடி அரைத்து, இறக்கியபின் பாலேடு சேர்த்தேன். நின்றது.

அடுத்து ரொட்டி. கடையில் 'கார்ன் ஃப்ளார்' கேட்டேன், கொடுத்தார்கள். வெந்நீர் பட்டதும் போஸ்டர் ஒட்டும் பசை! நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது வெறும் ஸ்டார்ச்சாம். மறுபடி ஓடி மக்காச்சோள மாவு வாங்கினேன். தட்டினால் விண்டது. சுருட்டினால் நொறுங்கியது.

அப்புறம்தான் படித்தேன். மெக்ஸிகோக்காரர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டுத்தான் அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும்; பி3 வைட்டமினும் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்று சாப்பிட்ட ஏழைகளுக்குப் பெல்லாக்ரா நோய் வந்தது. செய்முறை கப்பலேறும், பக்குவம் ஏறாது. போனுக்கும் இதே கதைதான் சார்.

மணி ஒன்றரை. சமையலறை வாசலில் நிழலாடியது.

"கோதுமை மாவை வெந்நீர் விட்டுப் பிசைங்க. ஓரம் விறைக்காது."

மூன்று நாளில் முதல் வாக்கியம்!

"தள்ளுங்க, நான் தேய்க்கிறேன்."

"வேண்டாம், நீ உக்காரு."

என் முதல் சப்பாத்தி திருவண்ணாமலை மாவட்ட வரைபடம். ஐந்தாவது ஏறக்குறையப் பௌர்ணமி. கோழியைப் பிய்த்து வைத்துச் சுருட்டி, அடிகனமான வாணலியில் அடுக்கி, பச்சைச் சட்னியை ஊற்றி, சீஸ் துருவிப் போட்டு மூடினேன். சின்னத் தீயில் பத்து நிமிஷம். தட்டில் வைத்து நீட்டினேன்.

ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"காரமா?"

"இல்லீங்க. உக்காந்த இடத்துக்குச் சூடாத் தட்டு வந்து எத்தனை வருஷமாச்சுன்னு யோசிச்சேன்."

எனக்குத்தான் உறைத்தது. அதுவும் புதன்கிழமை நான் பேசினது.

திரும்பிப் பார்த்தால் தொட்டியில் பத்தொன்பது பாத்திரங்கள். இதைப் பற்றி அந்தப் போன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடந்தால் எங்காவது முடிகிறது. இந்த அம்மாக்கள் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடக்கிற நடைக்கு யார் கிலோமீட்டர் கல் நட்டார்கள்?

அடுத்த ஞாயிறும் என் முறைதான். மெனு: ரசம் சாதம், சுட்ட அப்பளம். பாத்திரம் மூன்றுக்கு மேல் போகாது.