ஒரு டம்ளர் நீர்

2025 ஆகஸ்ட் 2 அன்று தமிழக அரசின் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ மருத்துவ முகாம்கள் தொடங்கியதிலிருந்து, ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ‘எக்கோ’ என்ற சொல் புதுக்கோட்டைக் கிராமங்களிலும் புழங்குகிறது. சனிக்கிழமை கருவி ஊருக்குள் வருகிறது; படம் பார்க்கிறார்கள்; பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறுகிறவர் அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டுமா?

மணமேல்குடிப் பக்கம் இருக்கும் என் சின்னம்மா மூன்று வாரம் திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே தூங்கினார். “படுத்தா மூச்சு முட்டுதுப்பா.” வாயு என்றார் ஒருவர், ஆஸ்துமா என்றார் இன்னொருவர். கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் எக்கோ எடுத்தபோதுதான் தெரிந்தது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. காரணம் காசநோய். நம் நாட்டில் இந்த நீருக்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று.

இதய உறைக்குள் 50 மில்லி வரை நீர் இருப்பது இயல்பு. மெல்ல மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூட அந்த உறை தாங்கிவிடும். மளமளவென்று சேர்ந்தால் 200 மில்லியே ஆளைச் சாய்க்கும். வீட்டுக் காபி டம்ளரில் ஒன்று, அவ்வளவுதான்! இதயம் விரிய இடமின்றி நசுங்கும். ரத்த அழுத்தம் விழும். அப்போது ஊசி செலுத்தி நீரை இறக்கியாக வேண்டும். இறங்கும் அழுத்தம், புடைக்கும் கழுத்து நரம்பு, மங்கும் இதய ஒலி என மூன்று அடையாளங்களை மருத்துவர் கிளாட் பெக் 1935லேயே எழுதிவைத்தார். மெல்லச் சேரும் நீரில் அவை சேர்ந்து தெரியாமலும் போகும். எக்கோவிலோ நீர் கறுப்புப் பட்டையாகப் பளிச்சென்று தெரியும்.

‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 14 மாத்திரைகள் தருகிறார்கள். ரத்தக்குழாய் அடைப்புக்கு நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால், நெஞ்சு வலியெல்லாம் அடைப்பாகவே இருக்க வேண்டும் என்று இதயத்துக்கு அரசாணை போட முடியுமா? 14 மாத்திரையும் சேர்ந்து ஒரு சொட்டு நீரை இறக்காது.

எக்கோ பார்க்க நிபுணர் வேண்டும் என்பார்கள். வால்வுக் கோளாறை அளக்க வேண்டும்தான். கறுப்புப் பட்டையைக் காண, பயிற்சி பெற்ற பணி மருத்துவரே போதும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டுவார்கள். கருவியைப் பதிவு செய்யத்தான் சட்டம் சொல்கிறது, பூட்டிவைக்க அல்ல.

மாவட்டத் தலைநகரில் 2017 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மணமேல்குடிக்காரருக்கு அது 60 கிலோமீட்டருக்கும் மேல். முகாம்களை நிறுத்தி, அந்தப் பணத்தில் தாலுகா மருத்துவமனைதோறும் இரவும் பகலும் இயங்கும் எக்கோ கருவியும் ஆளும் வைத்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதல் கருவியை மணமேல்குடிக்கு அனுப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வந்து பார்க்கிறேன்.