ஓடாத காருக்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை

கிளமெண்டியில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில், உறை போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 35 ஆண்டுகளைக் கடந்த கார்களைக் ‘கிளாசிக்’ வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டத்தான் அனுமதி. மற்ற நாள்களில் அது சும்மாதான் நிற்கும். சும்மா நிற்கும் காருக்கு என்ன கேடு வரும் என்கிறீர்களா?

பிரேக் ஆயில் பெயருக்குத்தான் ஆயில். பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். கார் நின்றாலும் அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். அந்த ஈரம் எஃகுக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கொதிநிலையும் இறங்கும். ‘டாட் 4’ வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 155 டிகிரியே தரவரம்பு. திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். பிரேக்கை மிதித்தால் குமிழ்கள்தான் அமுங்கும், கார் நிற்காது.

ஆகவே, கிலோமீட்டரைப் பார்க்காமல் நாள்காட்டியைப் பார்த்து, ஈராண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவதே சரி. அரித்த குழாய்க்குப் பதில் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடலாம். கப்பல்களில் கடல்நீரையே தாங்கும் உலோகம் அது. “அசல் எஃகுக் குழாய்தான் பழைமைக்கு அழகு” என்பார்கள் சிலர். அழகு வண்ணப்பூச்சில் இருக்கட்டும். பிரேக்கை நம்பிச் சாலையைக் கடப்பவர்கள் நீங்களும் நானும்தானே!