விரியாத மொட்டு

கிராம்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் நாளிதழின் வணிகப் பக்கத்தில் நான்கு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அது போதும் என்றே நினைக்கிறேன். அந்த மொட்டின் பழைய கதைதான் நின்று படிக்கத் தக்கது. பல்வலி வந்த இரவில் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பது நம் வீடுகளில் எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று யாரும் எண்ணியதில்லை. நரம்பை மரத்துப்போகச் செய்வதும் கிருமியை அடக்குவதும் அதன் எண்ணெயில் பெரும்பங்காக உள்ள யூஜினால். பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துச் சொத்தைக் குழியை அடைக்கும்போது அறையில் எழுவது பாட்டியின் அஞ்சறைப்பெட்டி வாசனையேதான். நம் நாவல் மரத்துக்குப் பங்காளியான ஒரு மரத்தின் மொட்டு அது. சிவக்கத் தொடங்கியதும், விரியவிடாமல் பறித்து வெயிலில் உலர்த்தியது.

தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் என்னும் மலுக்குத் தீவுகள்தாம் அதன் தாய்மண். சீனத்து ஹான் பேரரசனின் முன் பேச வந்தவர்கள் வாய் மணக்க அதை அடக்கிக்கொண்டார்கள். இலங்கையில் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறையைத் தோண்டியபோது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைமையான கிராம்பு கிடைத்தது. எத்தனை கடல், எத்தனை கை மாறி அங்கே வந்து சிந்தியதோ!

பிறகு அதைப் பூட்டிவைக்கும் ஆசை பிறந்தது. 1605இல் அம்போன் தீவைப் பிடித்த ஒல்லாந்தர், 1652இல் தெர்னாத்தே சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அம்போன் பகுதிக்கு வெளியே நின்ற மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஆண்டுதோறும் படகுப் படை தீவு தீவாகப் போய், தப்பி முளைத்தவற்றைத் தேடி அழித்தது. கிராம்பு விதை உலர்ந்தால் செத்துவிடும். அதனால் காவல் நெடுநாள் நிலைத்தது. ஆனாலும் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் 1770இல் நாற்றுகள் மொரிசியசுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் குடும்பப் பெயருக்கு மிளகு என்று பொருள் என்பது வரலாற்றின் குறும்பு. அங்கிருந்து சான்சிபார். ஓமானிய சுல்தானின் ஆட்சியில் அடிமைகளின் உழைப்பால் அங்கே தோப்புகள் பெருகின; 1872 புயல் அவற்றை முறித்துப் போட்டது; மறுபடி நட்டார்கள். பூட்டும் மறுபடி வந்தது. 1937இல் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதி உரிமையை ஒரே சங்கத்தின் கையில் கொடுக்க, அங்கிருந்த இந்திய வணிகர்களுக்காகக் காங்கிரஸ் சான்சிபார்க் கிராம்பைப் புறக்கணிக்கச் சொன்னது. உப்புக்கு நடந்த தேசம் கிராம்புக்கும் நோன்பிருந்தது. ஏனோ நம் பாடநூல்களுக்கு இது தெரியவில்லை. 1990இல், அதே மலுக்குத் தீவுகளை ஆளும் இந்தோனேசியாவில், அதிபர் சுகார்த்தோ தம் மகனுக்குக் கிராம்பு வாணிப ஏகபோகத்தைத் தந்தார். உழவர்க்குக் கிடைத்த விலை சரிந்தது. வெறுத்துப்போன பலர் தம் மரங்களைத் தாமே வெட்டினார்கள். ஒல்லாந்தரின் கோடரி இம்முறை உழவரின் கைக்கே வந்துவிட்டது. 1998இல் அந்தப் பூட்டும் உடைந்தது. ஏணி சாத்தி உச்சிக் கிளையில் மொட்டுப் பறித்தவனிடம் இவற்றில் ஒன்றைக் குறித்தும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. 1800ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்தில்தான் கிராம்பு இந்திய மண்ணில் வேரூன்றியது. அருவிக்குப் போகிற கூட்டத்தில் அதை நினைக்கிறவர் அரிது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் அது செழிக்கிறது. கன்னியாகுமரிக் கிராம்பு என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மளிகைக் கடையில் ஐம்பது கிராம் நிறுக்கும்போது, எந்த மலைச் சரக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.