பாதுகாப்புச் சுவிட்சுக்கு ‘டைரக்ட்’: இந்தக் கொலைபாதக வேலையை நிறுத்துங்கள்

கொடைக்கானலுக்கு ஏறும் சுற்றுலா வண்டிகள் மாறிவருகின்றன. படுக்கையும் சமையல் மேடையும் கேஸ் ஹீட்டருமாக, வண்டியையே வீடாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேனுக்குள் சிலிண்டரும் அடுப்பும் ஏற்றி வந்து, இரவுக் குளிருக்கு அதே அடுப்பைப் பற்றவைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஹீட்டர் ராத்திரியில் அணைந்து அணைந்து போகிறது என்று பட்டறைக்குப் போனால், சில மெக்கானிக்குகளிடம் கைவசம் இருப்பது ஒரே வைத்தியம்தான், பாதுகாப்புச் சுவிட்சைத் தாண்டிக் கம்பியை நேராக இணைத்துவிடுவது: “சேஃப்டி சுவிட்சை டைரக்ட் பண்ணியாச்சுண்ணே, இனி அணையாது.”

வாடிக்கையாளரும் காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறார். அந்த வண்டியில் குழந்தைகள் தூங்கப்போகிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவர்களையும், தெரிந்தே செய்யச் சொல்கிறவர்களையும், கண்டும் காணாமல் இருக்கும் நிர்வாகத்தையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வண்டி ஹீட்டர் வேலை செய்யும் முறை எளிது. முதலில் மின்விசிறி ஓட வேண்டும். காற்று போதிய வேகத்தில் போகிறதா என்று ஒரு சிறு சுவிட்ச் பார்க்கும். அது சம்மதித்தால்தான் கேஸ் வால்வு திறக்கும், பொறி பறக்கும். சுடர் பற்றியதைச் சென்சார் உறுதி செய்யாவிட்டால் சில விநாடிகளில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். உள்ளே சூடு அளவு மீறினாலும் இன்னொரு சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆக, ஹீட்டர் அணைகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று சரியில்லை என்று அது சொல்கிறது. 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போயிருக்கலாம். எர்த் கம்பி லூஸாக இருக்கலாம். ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு மல்டிமீட்டரும், சோப்புத் தண்ணீரும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

‘டைரக்ட்’ கொடுத்த ஹீட்டரில் விசிறி ஓடாவிட்டாலும் கேஸ் எரியும். காற்றுப் போகாமல் உள்ளிருக்கும் தகடு பழுக்கச் சூடேறி, நாளடைவில் வெடிப்பு விடும். வெளியே போக வேண்டிய புகை படுக்கைப் பக்கம் திரும்பும். நம் ஊர்ப் பூட்டுத் தொழிலைப் பாருங்கள்: திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுக்குள் உள்ள ஒரு லீவரைக் கழற்றிவிட்டு, “இனி எந்தச் சாவிக்கும் சுலபமாகத் திறக்கும்” என்று எந்தத் தொழிலாளியாவது விற்பாரா? அந்த நேர்மை கேஸ் வேலைக்கு மட்டும் ஏன் இல்லை?

மலையின் கணக்கும் பல பட்டறைகளுக்குத் தெரிவதில்லை. திண்டுக்கல் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே நீலமாக எரிந்த பர்னர் அங்கே மஞ்சள் நாக்கு நீட்டி, கரி பிடித்து, கார்பன் மோனாக்சைடைக் கக்கக்கூடும். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அதில் பியூட்டேன் சுழியம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகவே மறுக்கும். அதனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் அழுத்தம் இறங்கிச் சுடர் தடுமாறும். இதைப் பழுதென்று நினைத்து ரெகுலேட்டரைக் கழற்றுவதும், சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் விபத்தை விலைக்கு வாங்குகிற வேலை.

கசிந்த கேஸைக் காட்டிக்கொடுக்க அதில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். காற்றைவிடக் கனமான அந்த வாயு வண்டித் தரையோடு படிந்து ஒரு பொறிக்காகக் காத்திருந்தாலும், மூக்குக்காவது எட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாமலே போகலாம்.

சாவுகள் நம்மைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலை விடுதியில், கேஸ் ஹீட்டரை ஓடவிட்டுக் கதவை அடைத்துத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் மாண்டார்கள். விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரே காரணம் என்றது ரயில்வே. ஆகஸ்ட் 17 அன்று லக்னோவில் புறப்பட்ட அந்தப் பெட்டியின் சிலிண்டர் வழியில் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலிலேயே, கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை தரைத்தளத்து ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததைக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் சோதித்துக் காட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 900 பிபிஎம்மைத் தாண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் நம் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் என்ன செய்கிறது? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். மலைப்பாதைச் சோதனைச்சாவடிகளில் இ-பாஸைப் பார்க்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுகிறார்கள். அதை வரவேற்கிறோம். பாட்டிலைத் தேடும் கைகளுக்கு இருக்கைக்கு அடியில் கிடக்கும் 14.2 கிலோ சிலிண்டர் மட்டும் ஏன் தட்டுப்படுவதில்லை? வீட்டு உபயோக சிலிண்டரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு கேஸ் மாற்றுவதும் குற்றம். சட்டப் புத்தகத்தில் இருப்பது மலைப்பாதையின் காமக்காபட்டி சோதனைச்சாவடியில் நடைமுறைக்கு வர வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் தெளிவானவை. இ-பாஸ் விண்ணப்பத்தில் வண்டியில் கேஸ் அடுப்போ ஹீட்டரோ உண்டா என்ற கேள்வி சேர வேண்டும். உண்டு என்கிற வண்டிகளை மலையேறும் முன் சோதிக்க வேண்டும். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் கேரவன்களில் கேஸ் குழாய், புகைக்குழாய், பாதுகாப்புச் சுவிட்ச் மூன்றையும் பார்க்காமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சான்று தரக் கூடாது. வாடகைக்கு விடும் ஒவ்வொரு கேரவனிலும் விடுதி அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமாக வேண்டும். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரைத் தூங்கும் இடத்தில் வைக்கத் தடை வர வேண்டும். பாதுகாப்புச் சுவிட்சை முடக்கும் பட்டறைமீது வழக்குப் பாய வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. பயணிகளே, ஹீட்டர் திரும்பத் திரும்ப அணைந்தால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுக் கம்பளியைப் போர்த்துங்கள். தலை வலித்தால் உடனே வண்டியை விட்டு இறங்குங்கள்.

அடுத்த குளிர்காலச் சீசன் தொடங்கும் முன் மாவட்ட ஆட்சியர் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். ஒரு வண்டிக் கதவை உடைத்துப் பிணங்களை இறக்கிய பிறகு வரும் விசாரணைக் குழுவும் நிவாரணத் தொகையும் யாருக்கும் வேண்டாம்.