ஏசி மெக்கானிக்குக்கு ஏன் லைசென்ஸ் இல்லை?

வீட்டில் ஏசிக்கெனப் புதிதாகத் தனி லைன் இழுக்க, சட்டப்படி உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வேண்டும். அதே சுவரில் காப்பர் பைப்பை வளைத்து, ஃப்ளேர் போட்டு, கேஸைத் திறந்துவிடுபவரிடம் யாரும் எந்தத் தாளும் கேட்பதில்லை. ஐடிஐயில் இரண்டாண்டு படித்தவரும், ஆறு மாதம் அண்ணனோடு பையைத் தூக்கித் திரிந்தவரும் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒன்றுதான். கூலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆர்-22 காலத்தில் இப்படியே வண்டி ஓடியது. வேலையில் தப்பு நேர்ந்தால் கூலிங் வராது, மிஞ்சிப்போனால் கம்ப்ரஸர் போகும். இன்று கைக்கு வருவது ஆர்-32. சில மாடல்களில் ஆர்-290. முதலாவது மெதுவாக எரியும். இரண்டாவது புரொப்பேன், அதாவது சமையல் சிலிண்டரில் இருப்பவற்றுள் ஒன்று. காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். சமையல் கேஸுக்குச் சேர்க்கும் வாடை இதில் இல்லை, எனவே மூக்கை நம்பிப் பயனில்லை.

வேக்குவம் பம்பை மூன்றாம் மாடி சன்ஷேடுக்கு ஏற்ற யாருக்கு மனம் வரும்? லிக்விட் வால்வைக் கால் சுற்றுத் திறந்து, கேஸை வைத்தே பைப்பிலுள்ள காற்றைத் தள்ளி, 'உஸ்' சத்தம் மாறியதும் நட்டை இறுக்குவது நம்மில் பலரின் கைப்பழக்கம். அதே கை ஆர்-290 யூனிட்டைத் திறக்கும்போது பக்கத்தில் பிரேசிங் டார்ச் எரிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1994 நவம்பர் முதல் குளிர்பதன வாயுவைக் கையாளத் தேர்வெழுதிச் சான்று பெறுவது கட்டாயம். கலிபோர்னியாவில் ஏசி ஒப்பந்ததாரர் ஆக, கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். நம் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுக் குளிர்விப்புச் செயல்திட்டமும் 1 லட்சம் பேருக்குப் பயிற்சி, சான்று என்றது. பயிற்சி நடக்கிறது. ஆனால் போகாதவர் தொழிலும் நிற்பதில்லை.

லைசென்ஸ் என்றதும் சீனியர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. மார்க்‌ஷீட்டைக் கேட்டால், இருபது வருஷம் கேஸ் அடித்தவர் வெளியே நிற்பார். புரோக்கர் உள்ளே வருவார். அதற்கு வழி நம்மூரிலேயே இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு 21 வயது நிறைந்து, வயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நமக்கும் அந்த மாதிரியே போதும். ஃப்ளேர் போடட்டும், நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்கட்டும், 500 மைக்ரானுக்கு இறக்கிப் பம்பை நிறுத்தட்டும். முள் நிற்கிறதா ஏறுகிறதா என்று கேஜே மார்க் போடும்.

சங்கங்கள் மனு எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளட்டும்: தேர்வைக் குளிர்பதனப் பிரிவு உள்ள அரசு ஐடிஐகளில், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்க வேண்டும். ஏப்ரல், மேயில் வைத்தால் நம் ஆள் ஒருவர்கூட வரமாட்டார்.