கண்ணாடியில் நான்கு விளக்குகள்

ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்துவிட்டால் எங்கள் ஆறு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடிவது ஐந்து மணிக்கு. ஐந்தரைக்கெல்லாம் தென்காசி காசி விசுவநாதர் கோயில் முன்னால் ஆறு ஸ்கூட்டர்களும் வந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிவரும் காற்று கோபுரத்தடியில் சுழன்று அடிக்கும். துப்பட்டாக்களைக் குறுக்கே கட்டிப் பின் குத்திக்கொள்வோம். ஹெல்மெட் வாரை ஒருத்திக்கு ஒருத்தி இழுத்துப் பார்ப்போம். அப்புறம் டீச்சரக்கா முதலில் கிளம்புவார்.

அக்காவுக்கு 63 வயது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வண்டி வாங்கினார். மற்றவர்களில் ஒருத்தி நர்ஸ், ஒருத்தி மளிகைக்கடை நடத்துகிறாள், இருவர் தையல் வேலை. எல்லாரும் ஒரு காலத்தில் பின்சீட்டில் ஒருபக்கமாகக் கால் போட்டுப் போனவர்கள்தாம். குற்றாலத்துக்கு அப்படி எத்தனை தடவை போயிருப்பேன்! போகும்போது ஒருபக்கத்து வயல், வரும்போது மறுபக்கத்து வயல். சாலை நேரே எதிரில் விரிந்து நம்மை நோக்கி வருவதை நான் முதன்முதலாகப் பார்த்தது நாற்பத்து நான்காம் வயதில், ஹேண்டில்பாரைப் பிடித்த பிறகு. அன்றைக்கு ஏற்பட்ட நெஞ்சுப் படபடப்பு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

அப்பாவிடம் பழைய பஜாஜ் இருந்தது. இடது கையால் கிளட்சைப் பிடித்துக்கொண்டே கியரைத் திருக வேண்டும், கிக்கரை மிதிக்க வேண்டும், நின்றால் அந்தக் கனத்தைக் காலில் தாங்க வேண்டும். எண்பதுகளில் கைனடிக் ஹோண்டா கியரும் இல்லாமல், பட்டனைத் தட்டினால் கிளம்புகிற மாதிரி வந்தது. தொண்ணூறுகளில் ஸ்கூட்டி, 2001இல் ஆக்டிவா. பெண்களின் நடமாட்டத்தை மாற்றியவை எவை என்று யாராவது பட்டியல் போட்டால் இந்த மூன்று பெயரையும் நான் முதலில் எழுதச் சொல்வேன்.

எங்கள் முதல் பயணம் சரியாக அமையவில்லை. செங்கோட்டை வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் உற்சாகத்தில் முன்னால் போய்விட்டோம். ஊர் எல்லையில் நிறுத்தித் தேநீர் சொல்லி, எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான். திரும்பிப் போனால், சாலையோரப் பாலக்கட்டை மேல் அக்கா தனியாக உட்கார்ந்திருக்கிறார். மணலில் சக்கரம் வழுக்கி, முழங்கை சிராய்த்திருந்தது. வண்டியை நிமிர்த்த இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டிருக்கிறார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அது.

“விழுந்தது பெரிசில்லட்டி. எந்திரிச்சுப் பாத்தா ரோட்டுல ஒருத்தியும் இல்ல. அதுதான்...” என்றார். மேலே சொல்லவில்லை. நர்ஸ் அவருடைய கையைத் துடைத்துக்கொண்டே அழுதாள். நானும்.

அந்தப் பாலக்கட்டையில் வைத்து முடிவு செய்ததுதான் இன்றுவரை எங்கள் வரிசை. மெதுவாக ஓட்டுபவர் முன்னால். அவர் போகிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நன்றாக ஓட்டுபவர் கடைசியில். அதனால் நர்ஸ் கடைசி. பஞ்சர் ஒட்டும் சாமானும் முதலுதவிப் பெட்டியும் அவள் டிக்கியில். நான் இரண்டாவது. என் கண்ணாடியில் எப்போதும் நான்கு விளக்குகள் தெரியும். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் பகலிலும் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தையல்கார சகோதரிகளில் மூத்தவளின் வண்டி அதற்கு முந்தியது. அவள் தானே சுவிட்சைப் போட்டுக்கொள்வாள், எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே.

ஒருவர் பின்னால் ஒருவர் நேர்கோட்டில் போவதில்லை. ஒருத்தி சற்று இடப்புறம், அடுத்தவள் சற்று வலப்புறம். முன்னவள் சட்டென்று பிரேக் பிடித்தாலும் பின்னவளுக்கு இடம் இருக்கும். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் காலை நீட்டிக் காட்டுவார். கையால் காட்டக் கூடாது. இடது கையில்தான் பின் பிரேக் இருக்கிறது. ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது. பைக் தாண்டிப் போகும் குழியில் ஸ்கூட்டர் இறங்கி நிற்கும். அக்கா கால் நீட்ட, நான் நீட்ட, அப்படியே ஆறு கால்களும் வரிசையாக நீண்டு மடங்குவதை ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்ப்பார். அந்த அசைவில் எனக்குத் தீராத மகிழ்ச்சி. பின்னால் வருகிறவள் விழக் கூடாது என்பதைத் தவிர அதில் வேறு பேச்சில்லை.

ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம் போவோம். ‘ரோஜா’ படம் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். சூரியகாந்தி பூத்து நிற்கும் வயல்களுக்கு நடுவே போகிற சாலை. கண்ணுக்கு எவ்வளவு அழகோ, வண்டிக்கு அவ்வளவு சோதனை, பக்கக்காற்று தூக்கும். ஸ்கூட்டரின் அகலமான முன்பக்கம் காற்றைப் பாய்போலப் பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும். தோளைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, காற்று வரும் பக்கம் லேசாகச் சாய்ந்து போக வேண்டும். இதை எனக்குக் கற்றுத் தந்தது மளிகைக்கடைக்காரி. காற்றில் எண்ணெய் டின் ஏற்றி ஓட்டிப் பழகியவள் அவள்.

இரண்டு வருஷம் இப்படிப் பழகிய பிறகே தென்மலைக்குத் துணிந்தோம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது கீழே வயல்கள் பச்சையாக விரியும். அதைப் பார்க்க வண்டியை ஓரம்கட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டே பார்க்கக் கூடாது. லாரிகள் விடாமல் வரும் சாலை. ஆரியங்காவு தாண்டினால் மழை வேறு மாதிரி. சாரல் அல்ல, ஊற்றும். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் ரயில் பாலத்தின் கீழே நின்று, டிக்கியிலிருந்து இட்லிப் பொட்டலங்களை எடுத்தோம். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. கல் வளைவுகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாகத் தனித்தனி ஹெல்மெட்டுக்குள் அடைத்து வைத்திருந்த பேச்சு முழுவதையும் அங்கே கொட்டினோம். காரில் போயிருந்தால் வழியிலேயே பேசித் தீர்த்திருப்போம். ஸ்கூட்டரில் ஒவ்வொருத்திக்கும் தனியாக ஒரு காலைப்பொழுது கிடைக்கிறது. பிறகு அதைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறோம்.

திரும்பி வரும்போது இறக்கத்தில் அக்கா பயந்தார். நியாயமான பயம். கியர் இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் பிரிந்து வண்டி தானாக உருளும். பாரம் எல்லாம் பிரேக்கின் மேல் விழும். பிடித்த பிடியிலேயே இறங்கினால் பிரேக் சூடேறி நழுவத் தொடங்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து. “அக்கா, அவசரம் ஒண்ணும் இல்ல, நாங்க பின்னாலதான் வாரோம்” என்று நர்ஸ் கடைசியிலிருந்து கத்தினாள். ஒரு லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். ஆறு பேரும் ஓரம் ஒதுங்கி அவருக்கு வழி விட்டுவிட்டு, மறுபடியும் அதே வரிசையில் சேர்ந்துகொண்டோம். புளியரை சமதளத்துக்கு வந்ததும் அக்கா ஹேண்டில்பாரிலிருந்து வலது கையை எடுத்து ஒருமுறை உதறிக்கொண்டார். பின்னால் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தார்.

பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடும்போது, அடுத்த முறை பாலருவிக்குப் போகலாமா என்று அவர்தான் கேட்டார்.